டெண்டரில் நிராகரித்துவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புக் கட்டில், மேசை, அலமாரி செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. அப்பா 1988இல் தொடங்கியது. 2020இல் அவர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலையாட்கள் பதினான்கு பேர். முப்பத்தைந்து வருடமும் தனியார் பள்ளிகள், கல்யாண மண்டபங்கள், விடுதிகள் என்றே ஓட்டினோம். அரசு டெண்டர் பக்கம் அப்பா தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. 2023இல் முதன்முறையாக நான் போனேன். 81,000 ரூபாயும் ஏறக்குறைய ஏழு மாதமும் போயின. பணத்தைவிட, அந்த ஏழு மாதத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததுதான் இன்னும் மனத்தில் உறுத்துகிறது. அந்த நேரத்தில் விவரம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மாணவர் விடுதிகளுக்கு 1,500 இரும்புக் கட்டில்கள் வேண்டும் என்று மாநில அரசு சார்ந்த ஓர் அலுவலகம் டெண்டர் விட்டிருந்தது. மதிப்பு 1.2 கோடி ரூபாய். ஜூன் 5ஆம் தேதி அறிவிப்பு, ஜூன் 20 மதியம் கடைசி நேரம். சரியாகப் பதினைந்து நாள். தமிழ்நாட்டு டெண்டர் விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது பதினைந்து நாளும், அதற்கு மேல் போனால் முப்பது நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், பதினைந்து நாளில் 64 பக்க ஆவணத்தைப் படித்து, டிஜிட்டல் கையொப்பம் வாங்கி, இரண்டு மாதிரிக் கட்டில் செய்து, ஆய்வகச் சான்று பெற்று, எல்லாவற்றையும் அரசின் டெண்டர் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பதுதான். டிஜிட்டல் கையொப்பத்துக்கு 2,800 ரூபாய். மாதிரிக் கட்டில்கள் இரண்டுக்கும், அவற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதற்கும் சேர்த்து 19,000 ரூபாய். எடை தாங்கும் திறனையும் பவுடர் கோட்டிங்கின் தடிமனையும் சோதித்துச் சான்று வாங்க 26,000 ரூபாய். டெண்டரில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டி, பிறகு திரும்பப் பெறும் முன்வைப்புத் தொகை 1,20,000 ரூபாய், அதாவது டெண்டர் மதிப்பில் ஒரு சதவீதம். கையில் அவ்வளவு இல்லை. தெரிந்தவரிடம் மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டினேன்.

அந்த முன்வைப்புத் தொகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு என்று அதே ஆவணத்தின் 41ஆம் பக்கத்தில் இருந்தது. எங்களிடம் உத்யம் பதிவு 2020 முதல் இருக்கிறது. முதல் பத்துப் பக்கங்களில் தொகையையும் கணக்கு எண்ணையும் பார்த்ததுமே நான் வங்கிக்கு ஓடிவிட்டேன். ஐந்தரை மாதம் கழித்துத்தான் அந்தப் பணம் திரும்பி வந்தது. வட்டி மட்டும் 13,200 ரூபாய். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளிலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்த விலக்கு இருக்கிறது. ஆகவே பணம் கட்டும் முன் ஆவணம் முழுவதிலும் ‘விலக்கு’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பாருங்கள். விலக்குக் கேட்பதற்கு என்ன சான்றை, எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜூன் 15, வியாழக்கிழமை இரவு பதினோரு மணிக்கு எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். ஐந்து நாள் முன்னதாகவே முடித்துவிட்டோம் என்று அவ்வளவு நிம்மதி. மறுநாள் காலையிலேயே சதுரக் குழாய் மூன்று டன்னுக்குச் சொல்லிவிட்டேன். விலை ஏறும் என்று வியாபாரி சொன்னார். எங்கள் விலை நிச்சயம் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும் என்று எனக்கும் நம்பிக்கை. (விலை ஏறவில்லை. கிலோவுக்கு ஐந்து ரூபாய் இறங்கியது. வேலை ஆணை கையில் வருவதற்கு முன் சரக்கு வாங்கியது முழுக்க என் தவறு, அதற்கு வேறு யாரையும் சொல்ல முடியாது.)

அடுத்த நாள், ஜூன் 16 மாலை, அதே தளத்தில் ஒரு திருத்த அறிவிப்பு ஏறியது. நான் பார்க்கவில்லை. ஏற்றி முடித்த பிறகு அந்தத் தளத்துக்குள் போகவே இல்லை. மூல ஆவணத்தில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று’ என்று இருந்தது. நான் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் வாங்கியிருந்தேன். திருத்தத்தில் அதை ‘என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று மட்டும்’ என்று மாற்றியிருந்தார்கள். என்.ஏ.பி.எல். என்பது ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம். கடைசித் தேதி ஜூன் 20 அப்படியே இருந்தது. இடையில் சனி, ஞாயிறு. கட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சோதித்து அறிக்கை தருவதற்குக் குறைந்தது ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பது இந்தத் தொழிலில் உள்ள யாருக்கும் தெரியும். ஆக, அன்று மாலையே நான் அதைப் பார்த்திருந்தாலும் புதிய சான்று வாங்கியிருக்க முடியாது. ஆனால் பார்த்திருந்தால், ‘நான்கு நாளில் இந்தச் சான்று பெற இயலாது, தேதியை நீட்டியுங்கள்’ என்று அன்றிரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் பிறகு என் கையில் ஓர் ஆதாரமாக இருந்திருக்கும். டெண்டர் ஏற்றிய பிறகுதான் தினமும் தளத்தைப் பார்க்க வேண்டும். அந்த டெண்டரை உங்கள் கணக்கில் விருப்பப் பட்டியலில் சேர்த்துவையுங்கள், திருத்தம் வந்தால் தகவல் வரும். கடைசி நேரம் வரை பழையதற்குப் பதிலாகத் திருத்தி மீண்டும் ஏற்றலாம் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஜூலை 14 அன்று தொழில்நுட்ப கவரில் (தகுதியையும் சான்றுகளையும் பார்க்கும் முதல் கட்டம், அதில் தேறினால்தான் விலையைத் திறப்பார்கள்) எங்கள் பெயருக்கு நேரே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தது. ஒரு சொல், அவ்வளவுதான். எங்கள் விலையைத் திறக்கவே மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வயிற்றில் ஏதோ பிசைந்தது. வெல்டிங் போடும் பெரியவர், அப்பா காலத்து ஆள், “என்னம்மா, வந்துவிட்டதா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை ஐயா” என்று பொய் சொன்னேன். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, இறுதி முடிவு வந்ததும் கடிதம் வரும் என்றார்கள். ஜூலை 28, வெள்ளிக்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்னாருக்கு ஒப்பந்தம் வழங்கப்படுகிறது, மற்றவர்கள் இன்ன காரணங்களால் நிராகரிக்கப்பட்டார்கள் என்று இணைப்பில் உத்தரவு. அது கணினி தானாக அனுப்பும் தகவல், கையெழுத்தும் முத்திரையுமாக அசல் கடிதம் தபாலில் வரும், அதை வைத்துக்கொண்டுதான் கேட்க முடியும் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

திங்கட்கிழமை நேரில் போனேன். “அம்மா, அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், நாளை மறுநாள் வாருங்கள்” என்றார் பிரிவு எழுத்தர். புதன்கிழமை போனேன். அதிகாரியைப் பார்க்க முடிந்தது. மரியாதையாகத்தான் பேசினார். “எழுதிக் கொடுங்கள் மேடம், பார்க்கிறோம்” என்றார். எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டபோது கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மூன்று முறையும் பட்டறையை மதியம் வரை விட்டுவிட்டுப் போனேன். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நாள் கணக்கு இருக்கிறது என்று அந்த மூன்று முறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை போலும் என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ஆகஸ்ட் 9ஆம் தேதி, தொழிற்பேட்டையில் ஒருவர் சொல்லி, பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு மாடியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். நான் கொண்டுபோன இரண்டு அங்குலக் கோப்பை அவர் திறக்கவே இல்லை. “உத்தரவு எப்போது கிடைத்தது?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாதத் தாள் ஒன்று இருந்தது. பென்சிலை எடுத்து ஜூலை 29இல் தொடங்கி ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். ஆகஸ்ட் 7இல் பென்சில் நின்றது. “அம்மா, நேற்று முன்தினத்தோடு முடிந்துவிட்டதே” என்றார். மின்னஞ்சலில் வந்ததைக் ‘கிடைத்த நாள்’ என்று கொள்ளலாமா என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் வேலை ஆணை 3ஆம் தேதியே போய்விட்டது, ஒப்பந்தம் பெற்றவர் உற்பத்தியைத் தொடங்கியிருப்பார் என்றார். அவருக்குக் கொடுத்த 5,000 ரூபாய்தான் இந்த ஏழு மாதத்தில் நான் செய்த உருப்படியான செலவு.

அவர் விளக்கியது இது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நாம்தான். அடுத்த ஆண்டு கர்நாடகம் இயற்றியது. விதிகள் 2000இல் வந்தன. வெளியிட்ட அளவுகோலின்படியே மதிப்பிட வேண்டும், யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தோம், மற்றவர்களை ஏன் நிராகரித்தோம் என்பதை டெண்டர் இதழுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் கீழ் வந்த உத்தரவால் பாதிக்கப்பட்டவர், உத்தரவு கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பது 11ஆம் பிரிவு. அந்த அலுவலகம் எந்தத் துறையின் கீழ் வருகிறதோ அந்தத் துறையின் செயலாளருக்கு, தலைமைச் செயலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான் மூன்று முறை போய் நின்றதும், எழுதிக் கொடுத்ததும் டெண்டர் விட்ட அதே அலுவலகத்தில். அது மேல்முறையீடாகவே ஆகாது. பத்து நாளில் ஏழு நாளை நான் தவறான வாசலில் கழித்திருக்கிறேன்.

உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டேன். அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் கீழ், அரசின் முடிவை எதிர்த்து ரிட் மனு போடலாம், ஆனால் நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரி போல உட்கார்ந்து யாருடைய கட்டில் நல்லது என்று பார்க்காது என்றார். 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, முடிவு எடுத்த விதம் சரியா என்பதைத்தான் பார்க்கும். பாரபட்சம், உள்நோக்கம், யாரும் எடுக்கத் துணியாத அளவுக்கு நியாயமற்ற முடிவு, இப்படி ஏதாவது இருந்தால்தான் தலையிடும். அதோடு, சட்டத்தில் மேல்முறையீடு இருக்கும்போது அதை ஏன் செய்யவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வழக்குச் செலவாக அவர் சொன்ன தொகை, ஒப்பந்தம் கிடைத்திருந்தால் எனக்கு நின்றிருக்கும் லாபத்தில் பாதி. கீழே இறங்கி வந்து ஒரு டீ குடித்துவிட்டு, கடற்கரை ரயில் நிலையம் வரை நடந்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநாள் கழித்து அழுதேன்.

அதன் பிறகு நான் செய்ததுதான் இன்னும் பெரிய சுற்று. மாநிலத்தில் நாள் போனாலும் டெல்லியில் இதற்கென்று ஒரு பெரிய அலுவலகம் இருக்குமே என்று நம்பினேன். தொலைபேசிக் கட்டணத்துக்கு டிராய் இருக்கிறது, பங்குச் சந்தைக்கு செபி இருக்கிறது, காப்பீட்டுக்கு ஓர் ஆணையம் இருக்கிறது. அரசே இவ்வளவு கோடிக்குப் பொருள் வாங்கும்போது அதை ஒழுங்குபடுத்த ஓர் ஆணையம் இல்லாமலா போகும்? இரவில் பட்டறைக் கணக்கை முடித்துவிட்டுத் தேடுவேன். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அந்த ஆணையத்தின் வரம்பு மத்திய அரசும் அதன் நிறுவனங்களும்தான். மாநில அலுவலகத்தின் டெண்டர் அதற்குள் வராது. மத்திய டெண்டராகவே இருந்தாலும், புகாரை விசாரிக்கச் செய்வார்களே தவிர டெண்டர் நடவடிக்கையில் தலையிட மாட்டோம் என்று அவர்களுடைய கொள்கையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எழுதும் முன் அதைப் படித்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

தேசிய அளவில் அப்படி ஒரு கொள்முதல் ஒழுங்குமுறை ஆணையம் இந்தியாவில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு நாளாயிற்று. அதன் வேலைகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. மத்திய அரசின் வாங்கும் விதிகளை நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை எழுதுகிறது. அவை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, நிர்வாக விதிகள். ஆனாலும் அவற்றின் 173ஆம் விதியில், நிபந்தனைகளையும் நிராகரிப்பையும் கேள்வி கேட்க டெண்டர்தாரருக்கு உரிமை உண்டு என்று இருக்கிறது. மத்திய டெண்டருக்குப் போகிறவர்கள் கடிதத்தில் அந்த விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். பொருள் வாங்குவதற்கான இணையச் சந்தையாக 2016இல் வந்தது ஜெம் தளம். லஞ்சம் என்றால் மத்தியில் கண்காணிப்பு ஆணையம், மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை. டெண்டர்தாரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி விலை வைத்தால் அது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவை மீறுவது, அதைப் பார்ப்பது இந்தியப் போட்டி ஆணையம். எல்லாம் முடிந்த பிறகு தணிக்கை செய்வது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு. என் கேள்வி சின்னது: கடைசி நான்கு நாளில் நிபந்தனையை மாற்றிவிட்டுத் தேதியை நீட்டிக்காமல் விடலாமா? இதில் லஞ்சம் நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, கூட்டுச் சதி என்றும் நான் சொல்லவில்லை. அதனால் இந்தப் பட்டியலில் என் கேள்விக்கான வாசல் எதுவும் இல்லை. இருந்த ஒரே வாசல் அந்தப் பத்து நாள்தான்.

அந்த நாட்களில் என் கணவரின் சித்தப்பா மகன் கொழும்பிலிருந்து பேசினார். புறக்கோட்டையில் கடை வைத்து, மருத்துவமனைகளுக்குப் படுக்கையும் சக்கர நாற்காலியும் கொடுக்கிறவர். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “அண்ணி, உங்களுக்குப் பெறுகை ஆணைக்குழு கிடையாதா?” என்று கேட்டார். நாம் கொள்முதல் என்பதை அவர்கள் பெறுகை என்கிறார்கள். இலங்கையில் 2015இல் 19ஆவது திருத்தத்தின் வழியாகத் தேசிய பெறுகை ஆணைக்குழு அரசியலமைப்பிலேயே வந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. “இருக்கிறதென்று எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணி, ஆனால் வழிகாட்டல் இன்னதுதான் என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது” என்றார். அந்த ஆணைக்குழு தானாக ஒரு கட்டிலும் வாங்குவதில்லை. வாங்கும் அமைச்சுகள் எந்த நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்று வகுப்பதும், பின்பற்றினார்களா என்று பார்ப்பதும் அதன் வேலை. வாங்குகிறவரும் விதி எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை என்று எனக்கு அப்போது புரிந்தது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மற்ற நாடுகளைப் பற்றியும் படித்தேன். கென்யாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் என்னை வெகுநேரம் உட்கார வைத்துவிட்டது. அங்கே ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று, புகார் கேட்க மறுஆய்வு வாரியம் ஒன்று. பாதிக்கப்பட்டவர் பதினான்கு நாளில் போகலாம், வாரியம் இருபத்தொரு நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதுவரை ஒப்பந்த நடவடிக்கை நிற்கும். அந்த ‘நிற்கும்’ என்ற ஒன்று எனக்கு இருந்திருந்தால்! நான் எழுத்தர் மேசை முன் நின்றுகொண்டிருந்த வாரத்திலேயே இங்கே வேலை ஆணை போய்விட்டது. நம் நாட்டிலும் 2012 மே மாதம் மக்களவையில் பொதுக் கொள்முதல் மசோதா கொண்டுவரப்பட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குறைதீர் குழு என்று அதில் இருந்தது. 2014இல் அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் காலாவதியாகிவிட்டது. கட்டில் செய்கிற நான் நடுராத்திரியில் காலாவதியான மசோதாவைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சட்டமாகியிருக்க வேண்டும் என்று இன்றும் முழு மனதோடு நினைக்கிறேன். அப்படிப்பட்ட வாரியம் பெரிய நிறுவனங்களைவிட என்னைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம் தேவை. பெரியவர்களிடம் சம்பளத்துக்கு வழக்கறிஞர் இருப்பார், அவர் பத்து நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 14 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டேன். மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பு, திருத்த அறிவிப்பு வெளியிட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்கள், இந்த இரண்டும் வேண்டும் என்று கேட்டேன். வணிக ரகசியம் என்று சொல்லி 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுத்தார்கள். முதல் மேல்முறையீடு செய்தேன். மற்றவர்களின் விலையோ தொழில்நுட்ப விவரமோ எனக்கு வேண்டாம், உங்கள் அலுவலகம் எழுதிய குறிப்பு மட்டும் போதும் என்று குறுக்கிக் கேட்டேன். இது முக்கியம்: எல்லா நகலும் வேண்டும் என்று கேட்டால் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்தக் கோப்பு என்று சுருக்கிக் கேட்டால் மறுப்பது கடினம். அக்டோபர் கடைசியில் பதினோரு பக்கம் வந்தது. ஏழு பேர் போட்டியிட்டிருக்கிறோம். அதில் என்னையும் சேர்த்து நான்கு பேரை அதே ஆய்வகச் சான்றுக்காகத்தான் நிராகரித்திருக்கிறார்கள். கோப்பின் ஓரத்தில் யாரோ ஒருவர், ‘கடைசித் தேதியை நீட்டிக்கலாமா?’ என்று நீல மையில் எழுதிக் கேட்டிருக்கிறார். அதன் கீழே வேறு கையெழுத்தில், ‘அவசரம் கருதித் தேவையில்லை.’ அந்த நீல மைக் கேள்வியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் என் கேள்வி தோன்றியிருக்கிறது. பத்து நாளுக்குள் போயிருந்தால் இதுவே என் வாதமாக இருந்திருக்கும். என்னோடு நிராகரிக்கப்பட்ட மற்ற மூவரும் நாள் கணக்கு தெரியாமல்தான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அப்போதே பேசாதது இன்னொரு தவறு.

முன்வைப்புத் தொகை தானாகத் திரும்பி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வங்கிக் கணக்கு விவரம், ரத்து செய்த காசோலை, டெண்டர் எண், பணம் கட்டிய ரசீது எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் எழுதிய பிறகு டிசம்பர் முதல் வாரம் வந்தது. முடிவு வந்த மறுநாளே இந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள். நம் பணத்தை நாம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

2024இல் மீண்டும் ஒரு டெண்டருக்குப் போனேன், வேறு அலுவலகம், நூலகத்துக்கு அலமாரி. இந்த முறை ஆவணத்தைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். டெண்டர் விடும் அதிகாரி யார், ஏற்கும் அதிகாரி யார், மேல்முறையீடு எந்தச் செயலாளருக்கு. மேல்முறையீட்டு மனுவின் முதல் பக்கத்தைக்கூட முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன், காரணங்களை மட்டும் பிறகு நிரப்பலாம் என்று. ஆவணத்தில் தகட்டின் தடிமன் ஓரிடத்தில் 20 கேஜ், இன்னோரிடத்தில் 22 கேஜ் என்று இருந்தது. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் வாயால் கேட்டதோடு நிற்காமல் அன்றே எழுத்தில் அனுப்பினேன். திருத்தம் வந்தது, கடைசித் தேதியும் எட்டு நாள் தள்ளிப்போனது. இந்த முறை விலக்குக் கேட்டதால் முன்வைப்புத் தொகை கட்டவில்லை. விலையில் மூன்றாவதாக வந்தோம். கிடைக்கவில்லை. ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். எங்கள் விலையைத் திறந்து படித்தார்கள், இரண்டு பேர் எங்களைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பழைய டெண்டரின் மாதிரிக் கட்டில்கள் இரண்டையும் நானே வண்டி வைத்து எடுத்துவந்தேன். ஒன்றை விற்றுவிட்டோம். இன்னொன்றில் எங்கள் காவலாளி படுத்துக்கொள்கிறார். அதன் தலைமாட்டுச் சட்டத்தில் டெண்டர் எண் எழுதிய வெள்ளைத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. கிழித்துவிடட்டுமா அம்மா என்று அவர் இரண்டு முறை கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.